பரிசோதனை மேசையில் பழைய பயம்

கருவுற்ற பெண்ணின் முதல் பரிசோதனை நாளில் நடப்பவை எல்லோருக்கும் தெரிந்தவைதான். எடை பார்ப்பார்கள். கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். ஊசி குத்தி ரத்தம் எடுப்பார்கள். மேசையில் மல்லாந்து படுத்து ஆடையைத் தளர்த்தச் சொல்வார்கள். முன்பின் தெரியாத ஒருவர் குனிந்து வயிற்றை அழுத்திப் பார்ப்பார். தேவைப்பட்டால் உள்பரிசோதனையும் உண்டு. "அசையாமப் படும்மா, ரெண்டு நிமிஷம்தான்" என்று ஒரு குரல் கேட்கும். பெரும்பாலான பெண்கள் கூச்சத்தோடு பல்லைக் கடித்துக்கொண்டு அந்த இரண்டு நிமிடத்தைக் கடந்துவிடுகிறார்கள்.

சிலரால் கடக்க முடிவதில்லை. சிறுவயதில் சொந்த வீட்டுக்குள்ளேயே பாலியல் கொடுமைக்கு ஆளானவர், கணவனின் அடி உதையில் வாழ்பவர், போரிலோ விபத்திலோ உறவுகளைப் பறிகொடுத்தவர், முந்தைய பிரசவத்தில் சாவின் விளிம்பைத் தொட்டுத் திரும்பியவர் என்று அவர்களில் பலவகை உண்டு. மல்லாந்து கிடப்பது, ஆடை விலகுவது, மேலே குனியும் முகம், "அசையாதே" என்ற சொல் இவற்றில் ஏதாவது ஒன்று அந்தப் பழைய நாளைத் திரும்பக் கொண்டுவந்துவிடும். நெஞ்சு படபடக்கும், உடம்பு வியர்க்கும். அல்லது உடல் விறைத்து, தனக்கு நடப்பதை எங்கோ தள்ளி நின்று பார்ப்பதுபோல் ஆகிவிடும். அடுத்த மாதம் அவர் பரிசோதனைக்கு வரமாட்டார். பதிவேட்டில் "ஒத்துழைப்பு இல்லை" என்று ஒரு வரி விழும்.

அந்த வரிக்குப் பின்னால் ஒரு நோய் இருக்கக்கூடும். அதற்குப் பெயர் உண்டு, அளந்து பார்க்கும் முறை உண்டு, சிகிச்சையும் உண்டு.

நோய்க்குப் பெயர் வந்த கதை

1970களின் தொடக்கத்தில் ஆன் பர்ஜெஸ் என்ற மனநலச் செவிலியரும் லிண்டா ஹோம்ஸ்ட்ராம் என்ற சமூகவியலாளரும் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு வந்த பெண்களைச் சந்திக்கத் தொடங்கினார்கள். பாலியல் வன்முறைக்கு ஆளான 92 பெண்களிடம் அவர்கள் கண்டவை 1974இல் ஆய்வுக்கட்டுரையாக வெளிவந்தன. கெட்ட கனவு, திடுக்கிடல், சம்பவத்தை நினைவூட்டும் இடங்களுக்கே போகாதிருத்தல் என்று ஒரே மாதிரியான அறிகுறிகள் பலரிடம் இருந்தன. அதே ஆண்டுகளில் வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களிடமும் இவை தென்பட்டன. இரண்டும் ஒரே நோய்தான் என்பதை 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு ஏற்றுக்கொண்டது. அதை அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு என்கிறோம். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்துச் சுருக்கமாக பிடிஎஸ்டி.

இன்றைய வரையறை நான்கு வகை அறிகுறிகளைச் சொல்கிறது. கேட்காமலே வந்து மோதும் நினைவுகளும் கனவுகளும் முதல் வகை. நினைவூட்டும் எதையும் தவிர்ப்பது இரண்டாவது. தன்மீதே பழிபோட்டுக்கொள்வது, மனம் மரத்துப்போவது போன்ற மாற்றங்கள் மூன்றாவது. தூக்கமின்மை, எரிச்சல், எப்போதும் எச்சரிக்கையாகவே இருப்பது நான்காவது. ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்க்கையைக் குலைத்தால்தான் நோய் என்று கணக்கு. கொடுமையை அனுபவித்த எல்லோருக்கும் இது வருவதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

பயத்தின் உடலியல்

சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை அண்டாது என்பார்கள். பூனையின் மூளையில் நடப்பதே நம் மூளையிலும் நடக்கிறது. ஆபத்தை முதலில் உணர்ந்து உடலை உசுப்பிவிடும் வேலை அமிக்டலா என்ற சிறு பகுதிக்கு. "அது அன்றைக்கு, அங்கே நடந்தது, இது இன்றைக்கு, இங்கே" என்று காலத்தையும் இடத்தையும் பிரித்துச் சொல்ல ஹிப்போகாம்பஸ் உதவுகிறது. நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளையின் முன்பகுதி, அமிக்டலாவின் அலறலை அடக்குகிறது. பிடிஎஸ்டியில் முதலாவதின் கை ஓங்கிவிடுகிறது, மற்ற இரண்டும் தளர்ந்துவிடுகின்றன. அதனால்தான் பழைய நினைவு நினைவாக வராமல், இப்போதே நடப்பதுபோல் வருகிறது.

கருவுற்ற காலம் இந்தச் சிக்கலை இரண்டு வழிகளில் கூட்டுகிறது. இதயம் வழக்கத்தைவிட நிமிடத்துக்குப் பத்து இருபது முறை கூடுதலாகத் துடிக்கும், புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் மூச்சை ஆழமாக்கும், தூக்கம் கலையும். எல்லாம் இயல்பான மாற்றங்கள்தான். ஆனால் படபடப்பையும் மூச்சிரைப்பையும் ஆபத்தின் அறிகுறியாகவே படித்துப் பழகிய மூளை இவற்றையும் அப்படியே படிக்கிறது. இன்னொரு பக்கம், "மாசமா இருந்தா தூக்கம் வராது, எரிச்சல் வரத்தான் செய்யும்" என்று சுற்றியிருப்பவர்கள் சொல்லிவிடுவதால் உண்மையான அறிகுறிகள் மறைந்துபோகின்றன.

குழந்தைக்கு என்ன ஆகும்? தாயின் அழுத்த ஹார்மோனான கார்ட்டிசால் அப்படியே கருவைச் சென்றடைவதில்லை. நஞ்சுக்கொடியில் உள்ள ஒரு நொதி அதன் பெரும்பகுதியைச் செயலற்ற கார்ட்டிசோனாக மாற்றிவிடுகிறது. ஆனால் அந்தத் தடுப்பு முழுமையானதல்ல. 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க் இரட்டைக் கோபுரத்திலோ அதன் அருகிலோ இருந்த 38 கருவுற்ற பெண்களையும் அவர்களின் குழந்தைகளையும் ரேச்சல் யெஹுதா குழுவினர் ஆராய்ந்து 2005இல் வெளியிட்டார்கள். பிடிஎஸ்டி வந்த தாய்மார்களின் உமிழ்நீரில் கார்ட்டிசால் குறைவாக இருந்தது. சுமார் ஒரு வயதான அவர்களின் குழந்தைகளிடமும் அது குறைவாகவே இருந்தது. அழுத்தம் என்றால் கார்ட்டிசால் ஏறும் என்ற எளிய கணக்கு இந்த நோயில் பொருந்துவதில்லை. 38 பேர் சிறிய எண்ணிக்கைதான். இருந்தாலும் கருவின் அழுத்த மண்டலம் தாயின் நிலைக்கேற்பத் தன்னை அமைத்துக்கொள்ளக்கூடும் என்ற கேள்வியை அந்த ஆய்வு வலுவாக எழுப்பியது.

மிச்சிகன் சொன்ன கணக்கு

கருவுற்ற பெண்களிடையே பிடிஎஸ்டியைத் தேடிப் பார்த்தவர்களில் முக்கியமானவர் ஜூலியா செங். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இவர் அடிப்படையில் மகப்பேற்றுச் செவிலியர். முதல் குழந்தையை எதிர்பார்த்திருந்த 1,581 பெண்களிடம் இவரது குழு நடத்திய ஆய்வு 2009இல் வெளிவந்தது. வாழ்வில் எப்போதாவது பிடிஎஸ்டி இருந்தவர்கள் 20.2 சதவீதம். அந்த நேரத்திலேயே நோய் இருந்தவர்கள் 7.9 சதவீதம். தனியார் காப்பீடு உள்ளவர்கள் அதிகம் வரும் மருத்துவமனைகளில் இது 2.7 சதவீதம், அரசு உதவியில் சிகிச்சை பெறும் ஏழைகள் அதிகம் வரும் இடங்களில் 13.9 சதவீதம். நோய்க்கு வழிவகுத்த அனுபவங்களில் அடி உதையும் பாலியல் கொடுமையுமே முன்னணியில் நின்றன. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வந்த மதிப்பீடு, பொதுவான கருவுற்ற பெண்களில் 3.3 சதவீதம் என்றும், ஆபத்துக் காரணிகள் உள்ள குழுக்களில் ஏறக்குறைய 19 சதவீதம் என்றும் சொல்கிறது.

2011இல் செங் குழு குழந்தைகளின் எடையைப் பார்த்தது. கருக்காலத்தில் பிடிஎஸ்டி இருந்த தாய்மார்களின் குழந்தைகள், அதிர்ச்சி அனுபவமே இல்லாதவர்களின் குழந்தைகளைவிடச் சராசரியாக 221 கிராம் குறைவு. அதிர்ச்சி அனுபவம் இருந்தும் நோய் வராதவர்களின் குழந்தைகளோடு ஒப்பிட்டால் 283 கிராம் குறைவு. இரண்டாவது எண்ணைக் கவனியுங்கள். கொடுமையைக் கண்டும் நோய்க்கு ஆளாகாத பெண்களின் குழந்தைகள் எடையில் பின்தங்கவே இல்லை.

அமெரிக்க முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவத் துறையின் 16,000க்கும் மேற்பட்ட பிரசவங்களை வைத்து 2014இல் வந்த ஆய்வும் அதே திசையைக் காட்டியது. பிரசவத்துக்கு முந்தைய ஓராண்டில் நோய் இருந்தவர்களில் 9.2 சதவீதத்தினருக்குத் தானாகவே குறைமாதப் பிரசவம் நேர்ந்தது. முன்பு நோய் இருந்து இப்போது தணிந்தவர்களில் இது 8 சதவீதம். நோயே இல்லாதவர்களில் 7.4 சதவீதம்.

புகைப்பழக்கம், மனச்சோர்வு, வறுமை, பரிசோதனைக்குத் தாமதமாக வருவது என்று பல காரணங்கள் இந்த எண்களுக்குள் பின்னிக் கிடக்கின்றன. எல்லாவற்றையும் பிடிஎஸ்டியின் தலையில் கட்ட முடியாது. ஆனால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது: என்றோ நடந்த கொடுமையைவிட, இன்றைக்கு இருக்கும் நோய்தான் அதிகம் பாதிக்கிறது. நடந்ததை மாற்ற முடியாது. நோயைத் தணிக்க முடியும். பரிசோதனை அறைக்கு இதைவிட நல்ல செய்தி வேறில்லை.

கதையைக் கேட்க வேண்டுமா?

உதவ நினைக்கும் யாருக்கும் முதலில் தோன்றுவது, "என்ன நடந்தது, சொல்லும்மா" என்று கேட்பதுதான். கொட்டித் தீர்த்தால் பாரம் குறையும் என்பது பொதுநம்பிக்கை. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சிசேரியன் அல்லது ஆயுதப் பிரசவம் ஆன 1,041 பெண்களில் ஒரு பாதியினரிடம், வீடு திரும்புவதற்கு முன் மகப்பேற்றுச் செவிலியர் ஒருவர் உட்கார்ந்து பிரசவ அனுபவத்தைப் பேசவைத்தார். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, பேசியவர்களிடம் மனச்சோர்வு குறைந்திருக்கவில்லை. ஒரே அமர்வில் கதையை வாங்கிவிட்டு அனுப்பிவிடுவது பிடிஎஸ்டியைத் தடுப்பதில்லை என்பதே மற்ற துறைகளில் நடந்த ஆய்வுகளின் முடிவும். பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் பல அமர்வுகளில் முறையாக நடத்துவது வேறு. பத்து நிமிடப் பரிசோதனைக்கு நடுவில் காயத்தைக் கிளறுவது வேறு.

ஆகவே நோயைத் தேடும் கேள்விகள் கதையைத் தொடாமலே கேட்கப்படுகின்றன. ஆரம்பச் சுகாதார அளவில் பயன்படும் ஒரு வினாத்தாள் முதலில், மிகக் கொடுமையான அனுபவம் எப்போதாவது நேர்ந்ததா என்று மட்டும் கேட்கிறது. ஆம் என்றால், கடந்த ஒரு மாதத்தைப் பற்றி ஐந்து கேள்விகள்: அது கனவிலோ நினைவிலோ வலிய வந்ததா, அதைத் தவிர்க்கப் பாடுபட்டீர்களா, சதா எச்சரிக்கையாகவும் திடுக்கிடும்படியும் இருந்ததா, மற்றவர்களிடமிருந்து விலகி மரத்துப்போனதுபோல் இருந்ததா, உங்களையோ பிறரையோ பழித்துக்கொண்டே இருந்தீர்களா. மூன்று அல்லது அதற்கு மேல் "ஆம்" என்றால் விரிவான பரிசோதனை தேவை. 1987இல் உருவான எடின்பரோ வினாத்தாள் பல நாடுகளில் தாய்மார்களுக்குக் கொடுக்கப்படுகிறது. ஆனால் அதன் பத்துக் கேள்விகளும் மனச்சோர்வைப் பிடிப்பதற்கானவை. பிடிஎஸ்டி அதில் நழுவிவிடக்கூடும்.

கேட்கும் விதத்துக்கும் விதிகள் உண்டு. கணவரோ மாமியாரோ பக்கத்தில் இருக்கும்போது கேட்கக் கூடாது. கொடுமை செய்தவரே துணைக்கு வந்திருக்கலாம். சொன்னது எங்கே எழுதப்படும், யாருக்குத் தெரியவரும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் 18 வயதுக்குட்பட்டவர் என்றால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிக்கும் கடமை இருக்கிறது. அதை மறைத்துவிட்டுக் கேட்பது இன்னொரு நம்பிக்கைத் துரோகம். பதில் சொல்லாமல் இருக்கும் உரிமையும் அந்தப் பெண்ணுக்கு உண்டு.

சொல்லாதவர்களுக்கு என்ன செய்வது? எய்ட்ஸ் பரவிய காலத்தில் மருத்துவத்துறை ஒரு பாடம் கற்றது. யாருக்கு எச்ஐவி இருக்கிறது என்று தேடிக்கொண்டிராமல், யாருடைய ரத்தத்தையும் உடல்திரவங்களையும் கையாளும்போதும் கையுறை அணிவது என்று முடிவெடுத்தது. மனக்காயத்துக்கும் அதையே செய்யலாம் என்பதுதான் இன்றைய அணுகுமுறை. யார் பாதிக்கப்பட்டவர் என்று தெரியாத நிலையில், எல்லோரையும் பாதிக்கப்பட்டவருக்குக் காட்டும் கவனத்தோடு நடத்துவது. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2021இல் இதைத் தன் உறுப்பினர்களுக்குப் பரிந்துரையாகவே வெளியிட்டது.

மேசையருகே மாற வேண்டியவை

கொடுமையின் சாரம், தன் உடல்மீது தனக்கு எந்த அதிகாரமும் இல்லாமல் போவது. அந்த அதிகாரத்தைச் சிறிது சிறிதாகத் திருப்பிக் கொடுப்பதுதான் பரிசோதனை அறையில் செய்யக்கூடிய முதல் மருத்துவம். பெரும்பாலும் இதற்குச் செலவில்லை.

தொடுவதற்கு முன் என்ன செய்யப்போகிறோம், எதற்காக என்று சொல்லி, சம்மதம் கேட்க வேண்டும். அப்போதும் அவர் ஆடையோடு உட்கார்ந்திருக்க வேண்டும். படுக்கவைத்த பிறகு கேட்பது சம்மதம் ஆகாது. "கையைத் தூக்கினா நிறுத்திடுவேன்" என்று சொல்லிவிட்டு, தூக்கினால் உண்மையிலேயே நிறுத்த வேண்டும். தலைப்பக்கத்தை உயர்த்திச் சாய்ந்த நிலையிலேயே பல பரிசோதனைகளைச் செய்யலாம். தேவையான இடம் தவிர மற்றதைப் போர்வையால் மூடலாம். யோனிவழி ஸ்கேன் கருவியை அந்தப் பெண்ணே செலுத்திக்கொள்ளலாம். வேடிக்கை பார்க்கும் மாணவர் கூட்டத்தைக் குறைக்கலாம். உள்பரிசோதனை இன்று அவசியமா என்ற கேள்வியை ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ளலாம். பிரசவ வலி முறையாகத் தொடங்கிய பின்னும் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை போதும் என்றே உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டுதல் சொல்கிறது.

சொற்களும் மாற வேண்டும். "ஒண்ணும் இல்ல, பொறுத்துக்கோ", "காலை விரி", "இதுக்கே இப்படின்னா எப்படிப் புள்ள பெறுவே" போன்றவை பிரசவ அறைகளில் பழகிப்போன வாசகங்கள். கொடுமை செய்தவனும் ஏறக்குறைய இதையேதான் சொல்லியிருப்பான்.

பதறி அழுபவரைக் கவனித்துவிடுவோம். அமைதியாக, கூரையைப் பார்த்தபடி, கேட்டதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டு கிடப்பவரை "நல்ல பேஷன்ட்" என்று பாராட்டிவிட்டுப் போய்விடுவோம். அது மனம் உடலைவிட்டு விலகிய நிலையாக இருக்கலாம். அப்போது கையை எடுத்துவிட்டு, பெயர் சொல்லி அழைத்து, "இது ஆஸ்பத்திரி, இன்னைக்கு செவ்வாய்க்கிழமை, நான் நர்ஸ், நீங்க பத்திரமா இருக்கீங்க" என்று நிதானமாகச் சொல்ல வேண்டும். பாதத்தைத் தரையில் ஊன்றச் சொல்லலாம், குடிக்கத் தண்ணீர் கொடுக்கலாம், கண்ணில் படும் பொருள்களின் பெயரைச் சொல்லவைக்கலாம். நிகழ்காலத்துக்கு அழைத்துவரும் கயிறுகள் இவை.

பிரசவத் திட்டத்தை ஒரு பக்கத்தில் எழுதிவைப்பது இன்னொரு நல்ல வழி. "என்னைத் தொடுவதற்கு முன் சொல்லுங்கள். கதவை மூடிவையுங்கள். என் அக்கா என் தலைமாட்டில் இருக்கட்டும். நான் பேசாமல் போனால் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்." இவ்வளவு போதும். காரணம் எழுதத் தேவையில்லை.

சிகிச்சை உண்டு

நல்ல நடத்தை மட்டும் நோயைக் குணப்படுத்திவிடாது. அதிர்ச்சி நினைவைப் பாதுகாப்பான சூழலில் படிப்படியாக எதிர்கொள்ளவைக்கும் முறை, "என் தப்புதான்" போன்ற எண்ணங்களைச் சீர்தூக்கவைக்கும் முறை, கண்ணசைவைப் பயன்படுத்தும் இஎம்டிஆர் முறை ஆகியவை பிடிஎஸ்டிக்குப் பலன் தரும் உளவியல் சிகிச்சைகள். கருவுற்றிருக்கும்போது நினைவைக் கிளறினால் குழந்தைக்கு ஆகாது என்ற தயக்கம் சிகிச்சையாளர்களிடமே இருந்துவந்தது. பிரசவ அச்சம் கடுமையாக இருந்த கருவுற்ற பெண்களிடம் நெதர்லாந்தில் இஎம்டிஆரைச் சோதித்தபோது, அது பாதுகாப்பானதாகவே தெரிந்தது. ஆனால் வழக்கமான நல்ல கவனிப்பைப் பெற்றவர்களிடமும் அச்சம் அதே அளவு குறைந்தது. கவனிப்பே ஒரு மருந்து என்பதற்கு இதையும் ஒரு சான்றாகக் கொள்ளலாம்.

மருந்துகளில் செர்ட்ராலின் கருக்காலத்திலும் மருத்துவர்கள் பரவலாகத் தேர்ந்தெடுப்பது. பராக்செட்டின் குழந்தையின் இதயக் குறைபாட்டோடு தொடர்புடையதாக இருக்கலாம் என்பதால் பெரும்பாலும் தவிர்க்கப்படுகிறது. ஏற்கெனவே மாத்திரை சாப்பிட்டுவருபவர் கர்ப்பம் தெரிந்த அன்றே தானாக நிறுத்திவிடக் கூடாது. நோய் திரும்பி வருவதும் குழந்தைக்கு ஆபத்துதான். நிறுத்துவதா, மாற்றுவதா என்பதை மருத்துவரோடு பேசியே முடிவுசெய்ய வேண்டும்.

மனநல நிபுணர் கைக்கெட்டாத இடங்களுக்காக ஜூலியா செங்கும் அவரோடு பணியாற்றிய மிக்கி ஸ்பெர்லிச்சும் ஒரு வழி கண்டார்கள். சிறுவயதுக் கொடுமையைக் கடந்து தாயாகப்போகும் பெண்கள் வீட்டிலிருந்தே படித்துப் பயிலும்படி பத்துப் பகுதிகள் கொண்ட கையேடு அது. ஒவ்வொரு பகுதி முடிந்ததும் பயிற்சி பெற்ற ஒருவர் தொலைபேசியில் பேசி உதவுவார். என் உடம்பு ஏன் இப்படி நடந்துகொள்கிறது, எது என்னை உசுப்புகிறது, மருத்துவரிடம் எப்படிக் கேட்டு வாங்குவது என்பவைதான் பாடங்கள். இதிலும் நடந்த கதையை யாரும் கேட்பதில்லை.

நம் பக்கத்தில்

இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் 2009 போரின் இறுதி மாதங்களில் பதுங்குகுழிகளில் இருந்த சிறுமிகள் இன்று தாய்மார்கள். 2004 ஆழிப்பேரலையைக் கண்ட குழந்தைகளும் அப்படியே. போரின் மனவடுக்களை யாழ்ப்பாணத்திலிருந்தே ஆவணப்படுத்திய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், சிகிச்சையைத் தனிமனிதரோடு நிறுத்தாமல் குடும்பத்துக்கும் ஊருக்கும் கொண்டுபோக வேண்டும் என்று வலியுறுத்திவருகிறார். அங்கே வீடு தேடி வரும் குடும்பநல மாதர், தமிழ்நாட்டில் கிராம சுகாதார செவிலியர் என்று இரு பக்கத்திலும் கருவுற்ற பெண்ணைப் பல முறை பார்க்கும் ஒருவர் இருக்கிறார். உலக சுகாதார நிறுவனம் கருக்காலத்தில் குறைந்தது எட்டுச் சந்திப்புகளைப் பரிந்துரைக்கிறது. எட்டு முறை சந்திக்கும் ஒரே முகம் நம்பிக்கையைச் சம்பாதிக்கப் போதும். அந்த ஐந்து கேள்விகளைக் கேட்கவும், கேட்டபின் எங்கே அனுப்புவது என்றும் அவருக்குப் பயிற்சி வேண்டும்.

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவ அறைக்குள் ஒரு பெண் துணையை அனுமதிக்கும் திட்டம் 2004இலேயே வந்துவிட்டது. 26 ஆய்வுகளையும் பதினைந்தாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களையும் கொண்ட 2017ஆம் ஆண்டுத் தொகுப்பு, விடாத துணை இருந்தால் இயல்பான பிரசவம் கூடுவதையும் கசப்பான பிரசவ அனுபவம் குறைவதையும் காட்டுகிறது. பழைய காயம் உள்ள பெண்ணுக்கு அந்தத் துணை சலுகை அல்ல, சிகிச்சையின் பகுதி.

இதைப் படிப்பவர் கருவுற்றிருந்து, இங்கே சொன்னவற்றில் தன்னைக் கண்டுகொண்டால், முழுக்கதையையும் யாரிடமும் சொல்லியாக வேண்டிய கட்டாயம் இல்லை. அடுத்த பரிசோதனையில் "எனக்குச் சில விஷயங்கள் பயத்தைக் கொடுக்கும், தொடறதுக்கு முன்னாடி சொல்லுங்க" என்ற ஒரு வாக்கியத்தோடு தொடங்குங்கள். இந்தியாவில் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணிலும், இலங்கையில் 1926 என்ற எண்ணிலும் மனநல ஆலோசகர்களிடம் பேசலாம். இதைப் படிப்பவர் மருத்துவராகவோ செவிலியராகவோ இருந்தால், நாளைக் காலை வரும் முதல் பெண்ணிடமிருந்தே தொடங்குங்கள்: அனுமதி கேட்டுவிட்டுத் தொடுங்கள், நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள்.